இரவு ரயிலில் சென்னைக்கு வருவோருக்கு எந்த ஹோட்டல் சலுகை உதவும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

விடுமுறைக் காலமும் முகூர்த்த மாதங்களும் நெருங்கும்போதெல்லாம், பெரிய ஹோட்டல் நிறுவனங்களின் உறுப்பினர் திட்டங்களைப் பற்றிய விளம்பரங்களும் கட்டுரைகளும் நாளிதழ்களில் வரத் தொடங்குகின்றன. உறுப்பினரானால் புள்ளிகள் சேரும், புள்ளிகள் சேர்ந்தால் இலவசமாகத் தங்கலாம் என்பதே பெரும்பாலும் அவற்றின் சாரமாக இருக்கிறது. வேலை நிமித்தமாகவும் குடும்பத்தோடும் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குச் சென்று இத்தகைய ஹோட்டல்களில் தங்கி வருபவன் என்ற முறையில், இந்தப் பேச்சில் விட்டுப்போகும் ஒன்றைத் தங்கள் வாசகர்களிடம் சொல்ல விரும்புகிறேன். சென்னையில் ஓரிரு நாள் தங்கும் வெளியூர்க்காரருக்கு இந்தத் திட்டங்களால் உண்மையில் கிடைக்கக்கூடிய பெரிய நன்மை, காலையில் சீக்கிரமாக அறைக்குள் போக முடிவதும் மாலைவரை அதை வைத்துக்கொள்ள முடிவதும்தான். எந்த நிறுவனத்தின் ஹோட்டலை நாடுவது என்ற முடிவை இதை முன்வைத்தே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நெல்லை, முத்துநகர், பாண்டியன், பொதிகை, கன்னியாகுமரி என்று எங்கள் பக்கத்து மக்கள் காலங்காலமாக நம்பியிருக்கும் விரைவு ரயில்கள் அனைத்தும் மாலையிலோ இரவிலோ புறப்பட்டு, விடியற்காலையில் தாம்பரத்தைத் தாண்டி எழும்பூரை அடைபவை. ஊர் திரும்பும் வண்டிகளும் அவ்வாறே பொழுது சாய்ந்த பிறகே கிளம்புகின்றன. ஆனால் சென்னையின் நட்சத்திர ஹோட்டல்களில் அறை தரும் நேரம் பிற்பகல் 2 மணி அல்லது 3 மணி. காலி செய்ய வேண்டிய நேரம் நண்பகல் 12 மணி. அதிகாலையில் வந்து இறங்குபவர் பல மணி நேரம் அறையில்லாமல் காத்திருக்கிறார். மறுநாள் நண்பகலில் வெளியேறி இரவு வண்டி வரும்வரை மறுபடியும் அறையில்லாமல் பொழுதைக் கழிக்கிறார். எழும்பூர் கென்னட் லேன் பகுதியில் உள்ள லாட்ஜுகள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு நெடுநாளாக இருந்து வருவதற்குக் காரணமே, அங்கே தங்குபவர்கள் எந்த நேரத்தில் வருவார்கள், எந்த நேரத்தில் போவார்கள் என்பது அந்த லாட்ஜ்காரர்களுக்குத் தெரியும் என்பதுதான். 2023 செப்டம்பரில் தொடங்கிய திருநெல்வேலி வந்தே பாரத் ரயில் பிற்பகலில் எழும்பூரை அடைவதால், அதில் வருபவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் காலையில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவரும் விசா நேர்காணலுக்குப் போக வேண்டியவரும் இன்றும் இரவு வண்டியைத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கண்ணோட்டத்தில் ஒவ்வொரு திட்டமும் என்ன தருகிறது என்று பார்க்கலாம். 2016-ல் ஸ்டார்வுட் நிறுவனத்தை வாங்கிய மாரியட், இரு நிறுவனங்களின் உறுப்பினர் திட்டங்களையும் ஒன்றாக்கி 2019-ல் அதற்கு மாரியட் பான்வாய் என்று பெயரிட்டது. அண்ணா சாலையில் உள்ள கோர்ட்யார்டு, வேளச்சேரியில் உள்ள வெஸ்டின், 2012-ல் கிண்டியில் திறக்கப்பட்ட ஐ.டி.சி. கிராண்ட் சோழா ஆகிய மூன்றிலும் இதைப் பயன்படுத்தலாம். ஓராண்டில் 10 இரவு தங்கியவருக்கு சில்வர், 25 இரவுக்கு கோல்டு, 50 இரவுக்கு பிளாட்டினம் என்று தகுதிகள் வகுக்கப்பட்டுள்ளன. கோல்டு உறுப்பினர் கேட்டால், அறை இருக்கும் பட்சத்தில், பிற்பகல் 2 மணிவரை தங்கலாம். பிளாட்டினம் உறுப்பினருக்கு மாலை 4 மணிவரை தங்கும் உரிமை உறுதியாகவே தரப்படுகிறது. ரிசார்ட்டுகளிலும் மாநாட்டு ஹோட்டல்களிலும் மட்டும் அது அறை இருப்பைப் பொறுத்தது. ஹையட் நிறுவனம் 2017-ல் தொடங்கிய வேர்ல்ட் ஆஃப் ஹையட் திட்டத்தில் முதல் படியான டிஸ்கவரிஸ்ட் தகுதிக்கே, அதாவது 10 இரவுக்கே, 2 மணிவரை தங்கும் சலுகை வந்துவிடுகிறது. 60 இரவுக்குரிய குளோபலிஸ்ட் தகுதிக்கு 4 மணி. மாரியட்டில் 25 இரவுக்குப் பிறகு கிடைக்கும் 2 மணியை ஹையட்டில் 10 இரவிலேயே பெறலாம் என்றால், ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு இரவு மட்டும் சென்னையில் தங்கும் ஒருவருக்கு எது பொருத்தம் என்பது தெளிவாகிறது. தேனாம்பேட்டையில் ஹையட் ரீஜென்சியும் கிண்டியில் பார்க் ஹையட்டும் இருக்கின்றன. வாடகை எல்லாருக்கும் கட்டுப்படியாகாது என்பது உண்மைதான். எப்படியும் அந்த அளவு வாடகை கொடுத்துத் தங்கப் போகிறவர்களை மனத்தில் வைத்தே இதைச் சொல்கிறேன்.

காலையில் முன்கூட்டியே அறை தருவதாக எந்தத் திட்டமும் சாதாரண உறுப்பினருக்கு உறுதி கொடுப்பதில்லை. முந்தைய இரவு காலியாக இருந்த அறை சுத்தம் செய்யப்பட்டுத் தயாராக இருந்தால் தருவார்கள், அவ்வளவுதான். இந்த இடத்தில் ஒரு செய்தி என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. மாரியட்டின் மிக உயர்ந்த தகுதியான அம்பாசடர் உறுப்பினர்களுக்கு, தாங்கள் விரும்பும் நேரத்தில் வந்து 24 மணி நேரம் கழித்து வெளியேறும் வசதி உண்டு. அதையும் ஹோட்டல் ஒப்புக்கொண்டால்தான் பெற முடியும். அந்தத் தகுதியை அடைய ஓராண்டில் 100 இரவு தங்கவும் 23,000 டாலர் செலவழிக்கவும் வேண்டும். நம் ஊர் லாட்ஜ் முதல் தடவை வருபவருக்கும் கேட்காமலேயே தரும் வசதி அது. 24 மணி நேரக் கணக்கில் அறையை நிர்வகிப்பது பெரிய ஹோட்டல்களுக்கு இயலாத காரியம் இல்லை என்பதற்கு அவர்களுடைய விதிப் புத்தகமே சான்று.

'உறுதி' என்ற விதிக்கும் 'அறை இருந்தால்' என்ற விதிக்கும் உள்ள வேறுபாட்டை வாசகர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்காக என் தந்தையை அழைத்துச் சென்றிருந்தபோது, நகரின் நடுவே உள்ள ஒரு ஹோட்டலில், பதிவு செய்யும்போது தொலைபேசியில் சரி என்று சொல்லப்பட்ட கூடுதல் நேரம், மறுநாள் வரவேற்பு மேசையில் இருந்தவர் மாறியதும் இல்லை என்றாகிவிட்டது. அன்று முகூர்த்த நாள், எல்லா அறைகளுக்கும் ஆள் வருகிறார்கள் என்றார்கள். எண்பது வயதைக் கடந்தவர், பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு இருந்து களைத்துப்போனவர், பெட்டிகளுக்குப் பக்கத்தில் சோபாவில் சாய்ந்தபடி மாலைவரை காத்திருந்தார். ஊழியர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள், தண்ணீரும் காபியும் கொடுத்தார்கள்; அவர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. முகூர்த்த நாளிலும், மார்கழி இசை விழா நடக்கும் வாரங்களிலும், சேப்பாக்கத்தில் கிரிக்கெட் ஆட்டம் இருக்கும் நாளிலும் 'அறை இருந்தால்' என்ற விதி நமக்குக் கைகொடுக்காது. அத்தகைய நாட்களில் பயணம் செய்ய வேண்டியிருந்தால், கூடுதல் நேரத்தைக் கேட்ட மின்னஞ்சலையும் ஹோட்டல் அனுப்பிய பதிலையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது. வாய்மொழியை நம்பி வயதானவர்களை அழைத்துச் செல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நேரத்துக்கு அடுத்தபடியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது காலை உணவு. ஹில்டன் ஆனர்ஸ் திட்டத்தில் கோல்டு தகுதி உள்ளவருக்கு இந்தியாவில் காலை உணவு கிடைக்கிறது. உறுப்பினருக்கும் அதே அறையில் தங்கும் இன்னொருவருக்கும் மட்டுமே. மாரியட் பிளாட்டினத்திலும், காலை உணவு தரும் ஹோட்டல்களில், கணக்கு இருவருக்குத்தான். ஹையட் குளோபலிஸ்ட் தகுதியில் இரண்டு பெரியவர்களோடு இரண்டு குழந்தைகளுக்கும் சேர்த்துத் தருகிறார்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று போகும் குடும்பம், இலவசம் என்று நம்பி நால்வரும் சாப்பிட்டுவிட்டு, வெளியேறும்போது இருவருக்கான தொகையைத் தனியாகக் கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். தங்கும் முன்பே எத்தனை பேருக்கு என்று கேட்டுவிட்டால் அந்தச் சங்கடம் இருக்காது. சென்னையைப் போன்ற ஊரில், ஹோட்டலை விட்டு இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் நல்ல இட்லியும் பொங்கலும் கிடைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. காலை உணவுச் சலுகைக்காகவே கூடுதல் வாடகை கொடுத்து ஒரு ஹோட்டலைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் இலாபமாக முடிவதில்லை.

இதில் வரிக் கணக்கும் வந்து சேருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவு வாடகை 7,500 ரூபாய்வரை உள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீதம் என்பது அப்படியே நீடிக்கிறது. ஆகவே 7,400 ரூபாய் அறைக்கு வரியோடு 7,770 ரூபாய் கட்டுபவர், காலை உணவையும் சேர்த்து ஒரே வாடகையாக 7,900 ரூபாய் என்று பதிவு செய்தால், வரியோடு 9,322 ரூபாய் கட்ட நேரிடும். கூடுதலாகத் தெரியும் தொகை 500 ரூபாய். கையைவிட்டுப் போகும் தொகை 1,552 ரூபாய். உறுப்பினர்களுக்கென்று தரப்படும் விலையின் அருமை இந்த எல்லைக்கு அருகில்தான் நன்றாகத் தெரியும். பணம் எதுவும் கட்டாமல் உறுப்பினராகச் சேருபவருக்கே, நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பொது விலையைவிடச் சற்றுக் குறைவான விலை காட்டப்படுகிறது. அந்தச் சிறு குறைப்பு அறையை 7,500-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால், மொத்தத்தில் மிச்சமாகும் தொகை எந்தப் புள்ளிக் கணக்கையும் விஞ்சிவிடும்.

நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் என்று மேலே குறிப்பிட்டது முக்கியமானது. மேக்மைட்ரிப், அகோடா, புக்கிங் டாட் காம் போன்ற இடைத்தளங்கள் வழியாகப் பதிவு செய்தால், மாரியட், ஹில்டன், ஹையட், ஐ.எச்.ஜி. ஆகிய நிறுவனங்களின் விதிப்படி பொதுவாகப் புள்ளியும் கிடையாது, தங்கிய இரவு தகுதிக் கணக்கில் சேருவதும் கிடையாது, தகுதிக்குரிய சலுகைகளைக் கேட்கும் உரிமையும் கிடையாது. இடைத்தளத்தில் விலை குறைவாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி எழும். மாரியட் தன் தளத்தில் பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் அந்தக் குறைந்த விலையைச் சுட்டிக்காட்டினால், அதற்கு இணையாக விலையைக் குறைத்து அதற்கு மேலும் 25 சதவீதம் தள்ளுபடியோ 5,000 புள்ளிகளோ தருவதாக அறிவித்திருக்கிறது. அறை வகை, தேதி, ரத்து விதி எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் உண்டு. பொறுமையோடு விண்ணப்பிக்க மனம் உள்ளவர்கள் முயன்று பார்க்கலாம்.

இவ்வளவுக்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது, சென்னையில் எந்தப் பகுதியில் வேலை என்பது. கிரீம்ஸ் சாலை அப்போலோவுக்கோ, கல்லூரிச் சாலை சங்கர நேத்ராலயாவுக்கோ, ஜெமினி அருகில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கோ போக வேண்டியவர், ஓ.எம்.ஆரில் அதே நிறுவனத்தின் ஹோட்டல் மலிவாக இருக்கிறது, அங்கே தங்கினால் தகுதிக் கணக்கில் இரவு சேரும் என்று எண்ணிப் போனால், காலை நெரிசலில் வாடகைக் காருக்கும் மன உளைச்சலுக்கும் கொடுக்கும் விலை அதிகம். மாறாக, அண்ணா சாலையை ஒட்டித் தங்குபவருக்கு மெட்ரோ இருக்கிறது. தேனாம்பேட்டையிலிருந்து விமான நிலையம்வரை நேராகப் போகலாம், எழும்பூருக்கு சென்ட்ரலில் மாறிப் போகலாம். பகுதியை முடிவு செய்த பிறகு, அந்தப் பகுதியில் எந்தெந்த நிறுவனங்களின் ஹோட்டல்கள் இருக்கின்றன, நம் உறுப்பினர் தகுதி எங்கே செல்லுபடியாகும் என்று பார்ப்பதே முறை. நடைமுறையில் பலரும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள்.

புள்ளிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அக்கோர் நிறுவனத்தின் ஏ.எல்.எல். திட்டத்தில் கணக்கு வெளிப்படையாக இருக்கிறது. 2,000 புள்ளிகளுக்கு 40 யூரோ தள்ளுபடி. தொடக்க நிலை உறுப்பினருக்கு நோவோடெல்லில் 10 யூரோ செலவுக்கு 25 புள்ளிகள், ஐபிஸ் ஹோட்டலில் 12.5 புள்ளிகள். அதாவது நோவோடெல்லில் செலவழிப்பதில் 5 சதவீதமும் ஐபிஸில் 2.5 சதவீதமும் திரும்பி வருகிறது. டாடா குழுமம் தரும் புள்ளியான நியூகாயின் ஒன்றுக்கு ஒரு ரூபாய் என்பதால் அக்குழுமத்தின் தாஜ் ஹோட்டல்களிலும் குழப்பம் இல்லை. பிக்பாஸ்கெட்டில் மளிகை வாங்கிச் சேர்த்ததையும் அங்கே செலவழிக்கலாம். மாரியட்டின் பெரும்பாலான ஹோட்டல்களில் ஒரு டாலர் செலவுக்கு 10 புள்ளிகள் சேருகின்றன; ஆனால் ஓர் இலவச இரவுக்கு எத்தனை புள்ளிகள் என்ற நிலையான அட்டவணையை அந்நிறுவனம் 2022-ல் கைவிட்டுவிட்டது. வாடகை ஏறும் நாளில் கேட்கும் புள்ளிகளும் ஏறுகின்றன. ஹையட் இன்னும் அட்டவணையை வெளியிட்டு வருகிறது என்பது அதற்குச் சாதகமான இன்னொரு காரணம். பயன்படுத்தாமல் விட்டால் புள்ளிகள் காலாவதியாகும்: மாரியட்டிலும் ஹையட்டிலும் கணக்கில் 24 மாதம் எந்த நடவடிக்கையும் இல்லையென்றால் போய்விடும், ஐ.எச்.ஜி.யில் உயர் தகுதி இல்லாதவருக்கு அது 12 மாதம். ஆண்டுக்கு ஒரு முறை பயணம் செய்யும் குடும்பம் இவற்றைச் சேர்த்து இலவச இரவை எட்டுவது அரிது.

குறைவாகப் பயணம் செய்பவருக்குக் கடன் அட்டை ஒரு வழி என்று சொல்லப்படுகிறது. எச்.டி.எஃப்.சி. வங்கியும் மாரியட்டும் சேர்ந்து 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அட்டைக்கு, அறிமுகமானபோது ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாயும் வரியும். அதற்கு சில்வர் தகுதியும், தகுதிக் கணக்கில் 10 இரவுகளும், 15,000 புள்ளிகள்வரை மதிப்புள்ள ஓர் இலவச இரவும் தரப்பட்டன. இலவச இரவை அந்த ஆண்டுக்குள் பயன்படுத்துபவருக்குக் கட்டணம் வீணாகாது. கோல்டு தகுதிக்கு அதன் பிறகு 15 இரவு போதும் என்பதால், மாதம் ஒரு முறைக்கு மேல் சென்னைக்கு வரும் வணிகருக்கு இது பயன்படும். முகூர்த்த நாளன்று அந்தப் புள்ளி வரம்புக்குள் அறை கிடைக்கும் என்று எண்ணி அட்டை வாங்குவது சரியல்ல.

ஒரே நிறுவனத்தில் எல்லா இரவுகளையும் குவிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பெயர்ப் பலகையில் உள்ள நிறுவனம் வேறு, கட்டடத்தின் உரிமையாளர் வேறு என்பதே இத்தொழிலில் பரவலான ஏற்பாடு. ஒப்பந்தம் மாறினால் பலகை மாறும். சென்னைக்காரர்கள் இன்றும் அடையாறு கேட் என்றே குறிப்பிடும் டி.டி.கே. சாலை ஹோட்டல், வெவ்வேறு நிறுவனங்களின் பெயர்களைத் தாங்கி வந்து, கடைசியில் ஐ.எச்.ஜி.யின் கிரவுன் பிளாசாவாக இருந்து, 2023 டிசம்பரில் மூடப்பட்டது. மயிலாப்பூருக்கும் ஆழ்வார்பேட்டைக்கும் வரும் இசை ரசிகர்களுக்கும், அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வரும் குடும்பங்களுக்கும் வசதியாக இருந்த இடம் அது. அங்கே தங்குவதற்கென்றே ஐ.எச்.ஜி.யில் தகுதி சேர்த்தவர்கள், அதைப் பயன்படுத்த ஓ.எம்.ஆர். போன்ற தொலைவான பகுதிகளுக்குப் போக வேண்டியிருக்கிறது. அடுத்த பயணத்துக்கு உதவாத தகுதிக்காக இந்தப் பயணத்தில் அதிகம் செலவிட வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சென்னையில் ஹோட்டல்களை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அதிகாலை வண்டியில் வருபவர், தன் ரயில் பயணச் சீட்டைக் காட்டினால், காலை 7 மணி முதல் மறுநாள் காலை 7 மணிவரை என்றோ, அல்லது மாலை 6 மணிவரை அறையை நீட்டித்துக்கொள்ள இவ்வளவு தொகை என்றோ, முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட ஒரு கட்டணத்தை உருவாக்குங்கள். வார நடுவில் அறைகள் காலியாக இருக்கும் நாட்களிலாவது இதைத் தொடங்கலாம். அதற்கு 50 இரவுத் தகுதி எதையும் நிபந்தனையாக வைக்காமல், கட்டணமின்றிச் சேரும் உறுப்பினர் எவருக்கும் தந்தால், தென் மாவட்டங்களிலிருந்து வரும் குடும்பங்கள் அந்த ஹோட்டலையே நாடி வரும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் பயணப் பக்கத்தில் எந்த ஹோட்டலைப் பற்றி எழுதினாலும், வாடகையை வரியோடு சேர்த்த மொத்தத் தொகையாகவும், அறை தரும் நேரத்தையும் காலி செய்யும் நேரத்தையும், காலை உணவு எத்தனை பேருக்கு என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். சலுகை விளம்பரங்களில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று சிறிய எழுத்தில் வருவதை, அந்த நிபந்தனைகளைத் தமிழில் முழுமையாக அச்சிட்டால் மட்டுமே ஏற்பது என்று தங்கள் விளம்பரப் பிரிவு முடிவெடுக்குமானால், மருத்துவமனைக்கும் கல்யாணத்துக்கும் சென்னை வரும் என்னைப் போன்ற வாசகர்கள் பெரிதும் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
திருநெல்வேலி.